கணக்கில் லாபம், கல்லாவில் காற்று: சிறுதொழில் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடை, பட்டறை, சேவை நிறுவனம் என்று எது நடத்தினாலும் பணம் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. சிறு நிறுவனங்களின் கணக்கைப் பார்த்துக்கொடுக்கும் வேலையில் திரும்பத் திரும்பக் காதில் விழுபவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டு எண்களுக்கு நாணயம் போடவில்லை. உங்கள் ஊர்ப் பணத்தை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஆண்டுக் கணக்கில் லாபம் என்று வருகிறது. ஆனால் சம்பள நாள் வந்தால் கைமாற்று வாங்குகிறேன். லாபம் எங்கே போகிறது?

எங்கும் போகவில்லை. இன்னும் உங்களிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். பில் போட்ட அன்றே கணக்கில் விற்பனை ஏறிவிடும். பணம் வருவது அந்தப் பார்ட்டி மனது வைக்கும் நாளில். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில்தான் பல தொழில்கள் மூச்சுத் திணறுகின்றன.

ஒரு சிறிய அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு ஆர்டரின் மதிப்பு 1000. காகிதமும் மையும் 500, முதல் நாளே ரொக்கம் கொடுத்து வாங்கியாகிறது. இரண்டாவது வாரம் கூலி 200. இருபதாம் நாள் சரக்கு டெலிவரி. பில் மட்டும் மாதக் கடைசியில், எல்லாவற்றையும் சேர்த்துப் போடும் பழக்கம். பேசிய கெடு 45 நாள், அதாவது 75ஆம் நாள் பணம் வரவேண்டும். வருவது 90ஆம் நாள். ஒரு ஆர்டருக்கு 300 மிச்சம் என்பதில் பொய் இல்லை. ஆனால் அதற்காக 700 உங்கள் பையிலிருந்து போய் ஏறக்குறைய மூன்று மாதம் வெளியில் நிற்கிறது.

இப்போது வியாபாரம் சூடு பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் ஒரு ஆர்டர், அடுத்த மாதம் இரண்டு, மூன்றாவது மாதம் மூன்று. முதல் ஆர்டரின் பணம் வருவதற்கு முன்பே ஆறு ஆர்டர்களுக்கும் சேர்த்து 4200 செலவாகிவிட்டது. மூன்று மாத முடிவில் கணக்குப் புத்தகம் 1800 லாபம் என்று சொல்லும். வந்திருக்கும் பணமோ வெறும் 1000. உரிமையாளர் பகல் முழுக்க மெஷின் ஓடுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார், இரவில் யாரிடம் கேட்பது என்று யோசிக்கிறார்.

ஆர்டர் இல்லாமல் மூடும் தொழில்கள் உண்டு. ஆர்டர் கூடியதால் மூடும் தொழில்களும் உண்டு. இரண்டாவது வகையைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை, ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்க அது வளர்ச்சி மாதிரியே இருக்கும்.

சரி, அந்த அச்சகம் என்ன செய்திருக்க வேண்டும்?

இரண்டே மாற்றம். ஆர்டர் எடுக்கும்போதே 40 சதவீதம் அட்வான்ஸ். டெலிவரி கொடுக்கும் நாளிலேயே பில். இதற்கு விலையைத் தொடவேண்டாம், ஆளைக் குறைக்கவேண்டாம்.

அட்வான்ஸ் 400 வந்துவிட்டால் ஒரு ஆர்டருக்குக் கையிலிருந்து போவது 300தான். அதே ஆறு ஆர்டருக்கு 4200க்குப் பதிலாக 1800 போதும். பில் பத்து நாள் முன்பே போவதால், பார்ட்டி வழக்கம்போல் இரண்டு வாரம் இழுத்தாலும் 80ஆம் நாளிலிருந்து மீதிப் பணம் வர ஆரம்பிக்கும்.

இதற்கு மேல் ஏதாவது செய்ய முடியுமென்றால் காகிதம் கொடுக்கும் சப்ளையரிடம் பேசலாம். நாலு வருடமாக ரொக்கத்துக்கு வாங்குகிறவருக்கு 15 நாள் தவணை கொடுக்கப் பெரும்பாலோர் தயங்கமாட்டார்கள். நாம்தான் கேட்பதில்லை.

பாக்கியைக் கேட்டால் வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போய்விடமாட்டாரா?

கேட்கும் விதத்தில் இருக்கிறது. கெடு தாண்டி ஒரு மாதம் கழித்து, வீட்டில் அவசரம் என்ற குரலில் கேட்டால் இரண்டு பேருக்கும் சங்கடம். கெடுவுக்கு மூன்று நாள் முன்பே "பில் சரியாக வந்து சேர்ந்ததா, ஏதாவது திருத்தம் இருக்கிறதா?" என்று விசாரித்தால் அது வேலையின் ஒரு பகுதி. பாதிப் பாக்கிகள் தாமதமாவதற்குக் காரணம் கெட்ட எண்ணம் அல்ல. பில்லில் ஆர்டர் எண் இல்லை, தவறான ஆளுக்குப் போய்விட்டது, அவர்கள் கணக்குப் பிரிவு பத்தாம் தேதிக்கு மேல் வரும் பில்லை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுகிறது, இப்படி ஏதோ ஒன்று. பெரிய நிறுவனத்துக்குச் சப்ளை செய்தால் உங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் மேலாளரைவிட, அங்கே பில்லை ஏற்றும் குமாஸ்தாவின் பழக்கம் முக்கியம்.

கடன் கொடுப்பதற்கும் ஒரு வரம்பு வேண்டும். இந்தப் பார்ட்டிக்கு இவ்வளவு வரைதான், அதைத் தாண்டினால் பழைய பாக்கி வந்த பிறகே அடுத்த சரக்கு. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் கோபம் வராது. திடீரென்று சொன்னால்தான் வரும்.

சீக்கிரம் கொடுத்தால் தள்ளுபடி என்று சிலர் அறிவிக்கிறார்கள். அதில் ஜாக்கிரதை. 30 நாளில் தரவேண்டியதைப் பத்தே நாளில் தந்தால் 2 சதவீதம் கழிவு என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். 20 நாளுக்கு 2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 37 சதவீத வட்டி. அந்தச் சலுகை உங்களுக்குக் கிடைத்தால் விடாதீர்கள். நீங்கள் கொடுப்பதாக இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

பக்கத்துக் கடைக்காரர் விலையைக் குறைத்துவிட்டார். நானும் குறைக்கவேண்டியதுதானா?

முதலில் பென்சிலை எடுங்கள். 100க்கு விற்கும் பொருளின் அடக்கம் 70 என்றால் உங்களுக்கு நிற்பது 30. பத்து சதவீதம் குறைத்து 90க்குக் கொடுத்தால் நிற்பது 20. பழைய அதே தொகையைப் பார்க்க ஒன்றரை மடங்கு விற்கவேண்டும். ஒன்றரை மடங்கு சரக்கு, ஒன்றரை மடங்கு பேக்கிங், ஒன்றரை மடங்கு ஓட்டம், எல்லாம் பழைய லாபத்துக்காக. பக்கத்துக் கடைக்காரரும் இதே கணக்கைப் போட்டாரா என்பது சந்தேகம்தான்.

திருப்பிப் போட்டும் பாருங்கள். அதே பொருளை 105 ஆக்கினால் நிற்பது 35. நூறு பேரில் பதினான்கு பேர் போய்விட்டால்கூட மொத்த லாபம் அதேதான், வேலை மட்டும் குறைவு. விலையை ஏற்றியே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. குறைப்பதற்கு இருக்கும் துணிச்சலில் பாதிகூட ஏற்றுவதற்கு இருப்பதில்லை என்பதைத்தான் பார்க்கிறேன்.

இன்னொரு குழப்பம் இதோடு ஒட்டியது. 100க்கு வாங்கி 30 சதவீதம் வைத்து 130க்கு விற்பவர், தனக்கு 30 சதவீத மார்ஜின் இருப்பதாக நினைக்கிறார். விற்பனையில் பார்த்தால் அது 23 சதவீதம்தான். வாடகை, சம்பளம், கழிவு எல்லாவற்றையும் விற்பனைத் தொகையில் சதவீதமாகப் போட்டுவிட்டு லாபத்தை மட்டும் கொள்முதலில் சதவீதமாகப் போட்டால் கணக்கு எப்போதும் இனிப்பாகத்தான் வரும்.

மாதம் எவ்வளவு விற்றால் நஷ்டம் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுக்கவேண்டிய நிலைச் செலவைக் கூட்டுங்கள்: வாடகை, நிலையான சம்பளம், மின்சாரத்தின் குறைந்தபட்சக் கட்டணம், தவணை, காப்பீடு. அது 600, உங்கள் மார்ஜின் விற்பனையில் 30 சதவீதம் என்றால் 600ஐ 0.30ஆல் வகுத்தால் 2000. மாதம் 25 நாள் திறந்திருந்தால் நாளுக்கு 80. இந்த 80ஐ ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது தாண்டினோமா இல்லையா என்று கடைப்பையன்கூடச் சொல்வான்.

ஆடிட்டர் இருக்கிறார். நான் தனியாகக் கணக்கு வைக்கவேண்டுமா?

ஆடிட்டர் சொல்வது நேற்று நடந்தது. உங்களுக்கு வேண்டியது அடுத்த மூன்று மாதம். வரவையும் செலவையும் இரு பக்கமும் பதியும் முறையை லூக்கா பசியோலி என்ற இத்தாலியக் கணித அறிஞர் 1494இல் வெனிஸில் அச்சிட்டு விளக்கிவிட்டார். அது இன்றும் வேண்டும்தான். ஆனால் முன்னால் வரும் பள்ளத்தைக் காட்டுவது அதன் வேலை அல்ல.

அதற்கு ஒரு தாள் போதும். 13 வாரத்துக்கு 13 கட்டம். மேலே அந்த வாரம் தொடங்கும்போது வங்கியில் இருக்கும் தொகை. அடுத்து நிச்சயமாக வரும் என்று நம்பும் வரவுகள், அவற்றைப் பில்லில் உள்ள கெடுப்படி எழுதாமல், அந்தப் பார்ட்டி வழக்கமாகக் கொடுக்கும் தேதியில் எழுதவேண்டும். கீழே போகவேண்டியவை: சம்பளம், வாடகை, சப்ளையர், தவணை, வரி. கூட்டிக் கழித்தால் வாரக் கடைசி இருப்பு. அதுவே அடுத்த கட்டத்தின் ஆரம்பம். ஏழாவது வாரத்தில் இருப்பு மைனஸ் என்று வந்தால் பயப்படவேண்டாம், ஏழு வாரம் அவகாசம் கிடைத்திருக்கிறது. ஒரு கொள்முதலைத் தள்ளிப்போடலாம், ஒரு பாக்கியைத் துரத்தலாம், வங்கியிடம் முன்கூட்டியே பேசலாம். வங்கிக்காரர் ஏழு வாரம் முன்னால் வருபவரையும் முந்தின நாள் சாயங்காலம் வருபவரையும் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, அரை மணி நேரம். எக்செல் தெரிந்தால் எக்செல், இல்லாவிட்டால் கோடு போட்ட நோட்டு.

எனக்கு நானே சம்பளம் எடுத்துக்கொள்ளலாமா? எல்லாம் என் பணம்தானே?

எடுத்துக்கொள்ளவே வேண்டும். அதுவும் மாதம் ஒரே தேதியில், ஒரே தொகையாக. கல்லாவிலிருந்து அப்போதைக்கப்போது எடுப்பதுதான் வினை. பள்ளிக் கட்டணம், வண்டிக்கு டயர், உறவினர் கல்யாணம் என்று போனது எவ்வளவு என்று ஆண்டுக் கடைசியில் யாருக்கும் தெரியாது. வீட்டுக் கணக்கும் தொழில் கணக்கும் ஒரே வங்கிக் கணக்கில் ஓடினால் தொழில் லாபமா நஷ்டமா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

சம்பளத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆண்டு லாபம் 400 என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் சம்பளத்தைக் கழிக்காமல். உங்கள் இடத்தில் ஒரு மேலாளரைப் போட்டால் 360 கேட்பார். அப்படியானால் தொழில் சம்பாதித்தது 40. மீதி உங்கள் உழைப்புக்கான கூலி. அந்த 40க்காக எவ்வளவு முதல் போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். சிலருக்கு அந்தப் பணத்தைச் சும்மா வங்கியில் போட்டிருந்தாலே அதிகம் வந்திருக்கும். கசப்பான கணக்குத்தான், ஆனால் இதைப் போடாமல் இரண்டாவது கிளை திறப்பவர்களைப் பார்த்தால் பதறுகிறது.

வரிக்காக வாங்கிய பணத்தைக் கொஞ்ச நாள் ரொட்டேஷனில் விடலாமா?

கூடாது. வாடிக்கையாளரிடம் விற்பனை வரி என்று வாங்கியதும், ஊழியர் சம்பளத்தில் பிடித்ததும் உங்கள் பணம் அல்ல, உங்கள் கையில் தங்கிப்போகும் பணம். தனி வங்கிக் கணக்கு திறந்து, வந்த அன்றே அதில் தள்ளிவிடுங்கள். இதில் பேச வேறொன்றும் இல்லை.

கடன் வாங்கித் தொழிலை வளர்ப்பது தப்பா?

தப்பில்லை. எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதில்தான் விஷயம். பத்து வருடம் ஓடும் மெஷினை மூன்று மாதக் கடனில் வாங்கினால் மெஷின் சம்பாதிக்கத் தொடங்கும் முன்பே தவணை கழுத்தைப் பிடிக்கும். இரண்டு மாதத்தில் விற்றுப்போகும் சரக்குக்கு ஐந்து வருடக் கடன் எடுத்தால், எப்போதோ விற்றுத் தீர்ந்த சரக்குக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். பொருள் எவ்வளவு காலம் சம்பாதிக்குமோ அவ்வளவு காலத்துக்குக் கடன். நஷ்டத்தை மூடக் கடன் வாங்குவது மட்டும் அநேகமாக எப்போதுமே தப்பு.

வட்டி விகிதத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். "ஃப்ளாட் 12 சதவீதம்" என்றால், மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி போடுகிறார்கள். ஒரு வருடத்தில் 12 தவணையாகக் கட்டும் கடனில் அது குறையும் அசலுக்கான கணக்கில் 21 சதவீதத்துக்கு மேல் வரும். செயலாக்கக் கட்டணம் தனி. இரண்டு கடன்களை ஒப்பிடும்போது இரண்டையும் குறையும் அசல் முறையில் சொல்லச் சொல்லுங்கள், மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நிலைத்து நிற்பது பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது ஜப்பானின் கோங்கோ குமி. கோயில் கட்டும் நிறுவனம். 578இல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். பதினான்கு நூற்றாண்டு, ஒரே குடும்பத்தின் கையில். போர், பஞ்சம், ஆட்சி மாற்றம் எல்லாவற்றையும் தாண்டி வந்தது. 1980களில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனபோது கடன் வாங்கி நிலத்தில் பணத்தைப் போட்டார்கள். விலை சரிந்தது, கடன் அப்படியே நின்றது. 2006இல் நிறுவனம் வேறொரு கட்டுமானக் குழுமத்தின் கைக்குப் போனது. கோங்கோ குடும்பத்துக்குக் கோயில் கட்டத் தெரியாமல் போகவில்லை.

கையிருப்பு எவ்வளவு இருக்கவேண்டும்?

மூன்று மாத நிலைச் செலவு என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. பருவ வியாபாரம் செய்பவருக்கும், ஒன்றிரண்டு பார்ட்டிகளை நம்பி இருப்பவருக்கும் அது போதாது. ஒரே நாளில் சேராது, மாத வரவில் ஒரு சிறு பங்கைத் தொடாத கணக்கில் போட்டு வாருங்கள்.

என் விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே நிறுவனத்திடமிருந்து வருகிறது. பிரச்சினையா?

அவர்கள் நல்லவர்களாக இருக்கும் வரை இல்லை. அங்கே கொள்முதல் மேலாளர் மாறினால், கெடுவை 30லிருந்து 90 நாளாக்கினால், விலையில் எட்டு சதவீதம் குறைக்கச் சொன்னால், உங்களால் முடியாது என்று சொல்ல முடியுமா? முடியாதென்றால் அந்தத் தொழிலின் கடிவாளம் உங்கள் கையில் இல்லை. அந்தப் பார்ட்டியை விரட்டச் சொல்லவில்லை. அவர்கள் தரும் லாபத்தில் ஒரு பகுதியை மற்ற வாடிக்கையாளர்களைத் தேடுவதற்கென்றே செலவிடுங்கள். அவர்களுக்காக மட்டும் புது மெஷின் வாங்குவதாக இருந்தால் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் வாங்காதீர்கள்.

விற்காமல் கிடக்கும் சரக்கை என்ன செய்வது?

வாங்கிய விலையை மறந்துவிட்டு விற்றுவிடுங்கள். அடக்க விலைக்காவது போகட்டும் என்று காத்திருக்கும்போது இடவாடகையும் வட்டியும் அதைத் தின்றுகொண்டிருக்கின்றன. டெட் ஸ்டாக்கில் முடங்கிய பணம் வேகமாக விற்கும் சரக்குக்குப் போனால் வருடத்தில் ஆறு முறை சுற்றி வரும்.

சிறுதொழில்களில் பத்தில் ஒன்பது முதல் வருடமே மூடிவிடுகின்றன என்கிறார்களே?

மேடைப் பேச்சாளர்கள் சொல்வது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் நீண்ட காலமாகச் சேர்த்துவரும் தரவுகளின்படி அங்கே புதிய தொழில்களில் ஐந்தில் ஒன்று முதல் ஆண்டுக்குள் மூடுகிறது, ஏறத்தாழ பாதி ஐந்து ஆண்டு தாண்டுகிறது. மூடியவை எல்லாம் நொடித்துப்போனவை என்றும் இல்லை. விற்றுவிட்டவர், ஓய்வு பெற்றவர், நல்ல வேலை கிடைத்துப் போனவர் எல்லாரும் அதில் அடக்கம்.

நான் ஒரு வாரம் ஊரில் இல்லாவிட்டால் எல்லாம் நின்றுவிடுகிறது. இதற்கும் நிதி நிலைக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. உங்கள் தலையில் மட்டும் இருக்கும் தொழிலுக்கு வாங்குபவர் விலை கொடுக்கமாட்டார், வங்கியும் தயங்கும். எந்தச் சப்ளையருக்கு என்ன விலை, எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு கடன் வரம்பு, எந்த மெஷினை எப்போது சர்வீஸ் விடவேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பணத்தை மட்டும் ஒரே ஆளிடம் முழுதாக ஒப்படைக்காதீர்கள். பில் ஏற்றுபவர் ஒருவர், பணம் அனுப்புபவர் இன்னொருவர், வங்கி அறிக்கையைப் பார்ப்பவர் நீங்கள். எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும் அப்படித்தான். அது அவருக்கும் பாதுகாப்பு.

நஷ்டம் தொடர்கிறது. எப்போது நிறுத்துவது?

தொடங்கும் நாளிலேயே முடிவு செய்யவேண்டிய கேள்வி இது, ஆனால் யாரும் செய்வதில்லை. இப்போதாவது ஒரு எல்லை எழுதுங்கள்: இவ்வளவு தொகைக்கு மேல் வீட்டுப் பணத்தைப் போடமாட்டேன், இந்தத் தேதிக்குள் மாத நஷ்டம் நிற்காவிட்டால் மூடுவேன் என்று. எழுதிக் குடும்பத்தில் ஒருவரிடம் காட்டிவிடுங்கள், பிறகு கோட்டை நகர்த்துவது கஷ்டமாக இருக்கும்.

நஷ்டத்திலும் வகை உண்டு. ஒவ்வொரு விற்பனையிலும் கொஞ்சம் நிற்கிறது, நிலைச் செலவைத் தாண்ட மட்டும் விற்பனை போதவில்லை என்றால் சிறிய இடத்துக்கு மாறி, ஆளைக் குறைத்துப் பிழைக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு பொருளையும் அடக்கத்துக்குக் கீழே விற்றுக்கொண்டிருந்தால் முதலுக்கே மோசம், விற்பனையைக் கூட்டினால் நஷ்டமும் கூடும்.

மூடுவதாக முடிவு செய்தால் பணம் முற்றிலும் தீர்வதற்கு முன்பே செய்யுங்கள். ஊழியர் சம்பளத்தையும் சப்ளையர் பாக்கியையும் தீர்க்கும் அளவு மிச்சம் இருக்கும்போது மூடுபவர், அதே ஆட்களோடு இன்னொரு தொழில் தொடங்க முடியும். கடன் பத்திரங்களை எடுத்து, எவற்றில் நீங்கள் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்துக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். நிறுவனம் மூடினாலும் அந்தக் கையெழுத்து உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். அந்தப் பட்டியலோடு ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு அப்புறம் மற்றவர்களிடம் சொல்லலாம்.